பேர்க்கின்ஸ் வரைபடத்தில் மூன்று நட்சத்திரம்

சனி, ஜூலை 20, 1991. குட்மேய்ஸ், லண்டன்

மழை. இந்த நாட்டில் கோடை என்றால் குடையின் நிறம் மட்டும் மாறும்.

பெட்டி அடுக்கும் நாள். என்னுடையது பத்து நிமிடம். அப்பாவுடையது ஒரு மணித்தியாலம் (டை இரண்டு! கடற்கரைக்கு!). அம்மாவின் பெட்டி இன்னும் வாயைத் திறந்தபடி.

நாளைக் காலை கிரேக்கம். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறாதவர் இல்லை. ஆனால் ஏறியதெல்லாம் தப்பி ஓடுவதற்கு. விடுமுறைக்கு ஏறுவது இதுதான் முதல் தரம். கிரேக்கம் என்று சொல்லச் சொல்ல கிறக்கம்.

எல்லாம் மிஸ்டர் பேர்க்கின்ஸ் புண்ணியம். அப்பா வேலை செய்யும் கவுன்சிலில் நிர்வாக அதிகாரி. வருஷாவருஷம் ஒரு தீவில் ஒரே வீட்டை எடுப்பாராம். இந்த முறை முழங்கால் ஒப்பரேஷன், போக முடியாது. "நீங்கள் போங்கள், உங்கள் மனைவிக்கும் நல்லது" என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். கூடவே கையால் கீறிய வரைபடம். அதில் மூன்று கடற்கரைகளுக்குப் பென்சில் நட்சத்திரம்: ஒன்றுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. ஓரத்தில் குறிப்பு: மிக அமைதி, எவரும் எவரையும் தொந்தரவு செய்யார். அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். மேலதிகாரியின் பென்சில் அவருக்கு அரச வர்த்தமானி.

துணைக்கு விம்பிள்டன் பெரியம்மா. அம்மாவின் ஒரே அக்கா. இனிமேல் பெ.மா. அவருடைய உலகம்: கோயில், தையல் மெஷின், ஊர்ப் புதினம். கடைசிதான் முழுநேர வேலை.

இனி எழுதக்கூடாததை எழுதுகிறேன். (தமிழில் எழுதினால் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் விளங்காது. வீட்டில் எல்லாருக்கும் விளங்கும். ஆகவே இந்தக் கொப்பிக்குக் கணக்குப் புத்தக உறை.)

மாசியில் அம்மாவுக்கு ஒப்பரேஷன். புற்றுநோய். இடது பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குப் பயமில்லை என்கிறார் டொக்டர். தெரிந்தவர்கள் அப்பாவும் நானும். மற்ற எல்லாருக்கும், பெ.மா.வுக்கும், சொன்னது: பித்தப்பையில் கல். வாயால் வாழும் எனக்கு வாய்ப்பூட்டு. ஐந்து மாதமாக.

அம்மா சொல்லிவிட்டார்: "நான் கடலுக்கை இறங்கமாட்டன். கரையிலை இருந்து பாக்கிறன். ஒருத்தரும் என்னைக் கேக்கக்கூடாது." ஊரில் பெடியன்களைவிடத் தூரம் நீந்திய ஆள் என்று அப்பாவே ஒப்புக்கொண்ட அம்மா.

காரணம் குறுக்குக்கட்டு. எங்கள் பெண்கள் வெளியில் குளிப்பது அதோடுதான். ஒரு துணியை நெஞ்சுக்கு மேலாகச் சுற்றி ஓரத்தைச் செருகினால் நிற்கும். ஊசி வேண்டாம், நாடா வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் இல்லாவிட்டால் வழுகும். நேற்று அம்மா குளியலறைக்குள். வெளியே நான். ஈரத்துணி தரையில் விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி. மூன்றாம் தரம் விழுந்த பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

என் திட்டங்கள்:
ஒன்று: அம்மாவை நனைப்பது. எப்படி என்று தெரியாது.
இரண்டு: இறப்பர் ஒக்டோபஸ். எட்டுக் கால், வழவழப்பு, தொட்டால் நடுங்கும். பெ.மா. தேத்தண்ணி குடித்த நேரம் அவருடைய கைப்பைக்குள் போட்டாயிற்று. அலறலுக்குக் காத்திருக்கிறேன்.


ஞாயிறு, ஜூலை 21. தீவு

பெயரை வாயில் நுழைக்க ஏலாது, தீவு என்றே வைத்துக்கொள்வோம். விமானம், பஸ், கப்பல், பிறகு ஒரு லொறியின் பின்பக்கம். பெ.மா. லொறியில் காஞ்சிபுரத்தோடு.

வெயில் வேறு சாமான். லண்டன் வெயில் விருந்தாளி, இது வீட்டுக்காரன். வெள்ளை வீடு, நீலக் கதவு, முற்றத்தில் ஒரு நாரத்தை மாதிரி மரம். சிள்வண்டுகள் ஆயிரம் தையல் மெஷின் ஓட்டுகின்றன. சாய்ந்தால் நித்திரை. விழித்தால் அதுவும் நித்திரை மாதிரி.

வீட்டுக்காரி மரியா. அரைகுறை ஆங்கிலம், முழுசாகக் கை. கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியைக் காட்டினார். அதன் அடியில் சில்லு மாதிரி ஒரு இரும்புத் திருகு. "நோ டச்! மூடினால் தண்ணீர் இல்லை!" சொன்னது எல்லாருக்கும். பார்த்தது என்னை மட்டும். எப்படித்தான் முகத்திலேயே எழுதியிருக்கிறதோ.

பெ.மா. கைப்பைக்குள் கை விட்டது இன்றைக்கு ஆறு தரம். விசிறி, திருநீறு, தட்டை வடை, மறுபடி தட்டை வடை... அலறல் இல்லை. ஒக்டோபஸ் எங்கே?


திங்கள், ஜூலை 22

ஒரு நட்சத்திரம்.

அப்பா முன்னுக்கு, வரைபடத்தோடு, காலுறையோடு. அடுத்தது பெ.மா., குடையோடு. அம்மா நீளக்கைச் சட்டை, அதற்கு மேலே கார்டிகன். முப்பத்தைந்து பாகை வெயிலில் கார்டிகன். கடைசியாக நான், சாப்பாட்டுக் கூடையோடு. வழியில் பெ.மா. அம்மாவின் தண்ணீர்ப் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டார். எல்லாம் தான்தான் தூக்க வேண்டும், எல்லாம் தான்தான் நடத்த வேண்டும்.

இறங்கினால் குட்டிக் கடற்கரை. வழவழவென்று கூழாங்கல். அம்மாவின் காதில் "உங்கட கல்லு இஞ்சைதான் வந்து கிடக்குது" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஆனால் சிரிப்பு வந்தது. கண்டேன்.

பாய் விரித்தோம். பாறைக்குப் பின்னால் இருந்து ஒரு கிழவர் எழும்பினார். தலையில் தொப்பி. கையில் பேப்பர். பட்டியல் அவ்வளவுதான்.

"குட் மோர்னிங்" என்றார்.

"குட் மோர்னிங் சேர்" என்றார் அப்பா. பழக்கதோஷம்.

பிறகுதான் அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று மற்றவர்களும் தெரியத் தொடங்கினார்கள். எல்லாரும் அதே உடுப்பு. அதாவது அதே இல்லாத உடுப்பு.

பெ.மா.: "முருகா! எடி சுமி, கண்ணாடியைக் கழட்டு!"

"கண்ணை மூடச் சொல்லாமல் ஏன் கண்ணாடியை..."

"உன்னை எனக்குத் தெரியும். கண்ணை மூடினாலும் இடுக்காலை பாப்பாய். கழட்டடி!"

கழட்டிக் கொடுத்தேன். என் கண்ணாடி சோடாப் போத்தல் அடி. அது இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் நீர்வர்ணம். பெ.மா. அதைக் கூட்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தார். (ஒக்டோபஸுக்குப் பக்கத்தில்! அப்போதும் அலறல் இல்லை!)

ஆனால் என்ன அழகு. கடல் நீலமாகத் தொடங்கி வானமாக முடிந்தது. எங்கே முடிந்தது என்று கேட்காதே. மனிதர்கள் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பாறைகள் நித்திரை கொள்ளும் மாடுகள். அப்பா இரண்டு கறுப்புக் காலுறை, மேலே ஒரு கவலை.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பினோம்.


செவ்வாய், ஜூலை 23

அப்பாவின் வாதம்: "ஒரு சம்பவத்தை வைச்சு முடிவெடுக்க ஏலாது. தற்செயலா நடந்திருக்கும். மிஸ்டர் பேர்க்கின்ஸ் எவ்வளவு மரியாதையான மனுசன். கழுத்துப்பட்டி இல்லாமல் நான் அவரைக் கண்டதே இல்லை."

"இஞ்சை வந்து பாத்திருந்தா கண்டிருப்பியள்" என்றேன். முறைப்பு.

இரண்டு நட்சத்திரம். கூடுதல் தூரம், கூடுதல் அமைதி, கூடுதல்... சரி, குறைவு.

"கண்ணாடி!" என்று பெ.மா. கையை நீட்டினார். நான் ஏற்கனவே கழட்டியிருந்தேன்.

அப்பா வரைபடத்தைப் பார்த்தார். கடற்கரையைப் பார்த்தார். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அந்த நட்சத்திரங்களின் அர்த்தம் அவர் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"அப்பா, அவர் நிர்வாக அதிகாரி இல்லை. நிர்வாண அதிகாரி."

"வாயை மூடு சுமி." ஆனால் குரல் நடுங்கியது. சிரிப்பா, துக்கமா தெரியாது. இனி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படி ஃபைல் நீட்டுவது என்று யோசித்திருப்பார்.

இந்த முறை உடனே எழும்ப முடியவில்லை. மேலே போகும் பாதையில் தணல். நிழலுக்காக இருந்தோம். முதுகைக் கடலுக்குக் காட்டி வரிசையாக நாலு பேர், மலையைப் பார்த்துக்கொண்டு. சீலை, குடை, கார்டிகன், காலுறை. உடுப்பில்லாதவர்கள் நடுவில் நாங்கள்தான் விசித்திரம். ஆனால் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை என்றார் அம்மா. ஒரு தரம் மெல்லத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக: "உண்மையாவே ஒருத்தரும் பாக்கேல்லை."

ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி கிட்ட வந்தது. பெண் குரல். தட்டில் வத்தகப்பழத் துண்டுகள். பெ.மா. வானத்தைப் பார்த்தபடியே கையை நீட்டி இரண்டு துண்டு எடுத்தார்.

"வாங்கிச் சாப்பிடுறியளே பெரியம்மா!"

"பழம் என்னடி பாவம் செய்தது?"

இனிப்பு. சிள்வண்டு. மலையிலிருந்து தைம் செடி வாசம். மூவரும் இருந்த இடத்திலேயே கண்ணயர்ந்தார்கள். நான் முழித்திருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வெள்ளை ஆடு ஆங்கிலத்தில் கதைத்தது, ஆகவே நானும் நித்திரைதான்.


புதன், ஜூலை 24

இன்று நட்சத்திரமே இல்லாத கடற்கரை. டவுணில். அப்பாவின் கட்டளை: "எல்லாரும் உடுப்போடை இருக்கிற இடம்."

ஓம், உடுப்போடுதான் இருந்தார்கள். எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். ஒரு பிள்ளை பெ.மா.வின் சீலை முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது. கமராவோடு ஒருவர் வந்து அம்மாவைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். அம்மாவின் கை தானாகவே கார்டிகனின் மேல் பொத்தானுக்குப் போனது. அது ஏற்கனவே பூட்டித்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் முகம் சாம்பல். அப்பா தாங்கிப் பிடித்துத் தேத்தண்ணிக் கடை நிழலில் இருத்தினார்.

"கார்டிகனைக் கழட்டன், ராணி" என்றார் அப்பா.

"எனக்குக் குளிருது."

குளிருதாம். பெ.மா. விசிறியால் விசிறிக்கொண்டு கேட்டார்: "கல்லெடுத்த இடம் நோகுதோ?"

"இல்லை அக்கா."

"கல்லுப் பெருசோ சின்னனோ?"

"சின்னன் அக்கா."

"எங்கை வைச்சிருக்கிறாய், தந்தவங்களோ?"

நான் ஐஸ்கிறீமை வாய்க்குள் முழுசாகத் திணித்தேன். வேறு வழியில்லை. வாய் திறந்திருந்தால் வந்திருக்கும்.

பின்னேரம். முற்றத்தில் அம்மாவும் நானும் மட்டும். கேட்டேவிட்டேன்.

"பெரியம்மாவுக்குச் சொன்னா என்ன? உங்கட சொந்த அக்கா."

"அக்காதான். அக்கா ஒருத்திக்குச் சொல்லுவா, அவள் கோயில் முழுக்கச் சொல்லுவாள். நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை 'தாய்க்கு அந்த வருத்தமாம், பிள்ளைக்கும் வருமாம்' எண்டு சனம் கதைக்கும்."

"எனக்குப் பதினாறு வயது. கணக்கே இன்னும் பாஸ் பண்ணேல்லை."

"பகிடி விடாதை சுமி."

பகிடி விடாவிட்டால் எனக்கு அழ மட்டும்தான் தெரியும். அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அப்போ எனக்காகத்தான் கார்டிகன். இந்த வெயில் முழுக்க எனக்காக. நாரத்தை இலையை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை பிழைத்துப் போனது.


வியாழன், ஜூலை 25

அதிசயம். காலைச் சாப்பாட்டில் அம்மா: "அந்த மூண்டாவது கடற்கரைக்குப் போவமே?"

அப்பாவின் பாண் துண்டு தேத்தண்ணிக்குள் விழுந்தது. "ராணி, அது... அதுவும் அப்பிடிப்பட்ட இடமாத்தான் இருக்கும்."

"எப்பிடிப்பட்ட இடமெண்டாலும் காத்து வரும். டவுணிலை எல்லாரும் பாக்கினம். அங்கை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

எல்லாரும் பெ.மா.வைப் பார்த்தோம். பெ.மா. கடைசித் தட்டை வடையைக் கடித்தார். "ரெண்டைப் பாத்தாச்சு. மூண்டையும் பாத்து முடிப்பம். தம்பி, அந்த வரைபடத்தை எடும்."

முக்கால் மணித்தியால நடை. அம்மாவின் பை இன்றைக்கும் பெ.மா.வின் தோளில். கடைசி வளைவில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் பெ.மா.வின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆகவே மூன்று நட்சத்திரக் கடற்கரையை நான் பார்க்கவே இல்லை. உணர்ந்தேன். காலுக்குக் கீழே மாவு மாதிரி மணல். காதில் அலை, ஆனால் அலை என்று சொல்ல ஏலாது. ஏதோ பெரிய பிராணி ஒன்று நித்திரையில் மூச்சு விடுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கத்தாலும் வந்தது.

ஏழெட்டுப் புள்ளிகள். ஒன்று பேப்பர் வாசிக்கிறது (கசங்கும் சத்தம், அதே தொப்பிக்காரராக இருக்கலாம்). அப்பா மேலே பாதையிலேயே நின்றுவிட்டார், காவலாம். மற்ற மூவரும் நிழலில். இந்த முறை முதுகைக் காட்டாமல் கடலைப் பார்த்து இருந்தோம். யார் முதலில் திரும்பியது என்று தெரியாது. அம்மாவாக இருக்கலாம்.

ஒரு புள்ளி எங்களுக்கு முன்னால் மெதுவாக நடந்து போனது. தலை வெள்ளை. தண்ணீருக்குள் போனது. திடீரென்று அம்மாவின் கை என் கையை இறுக்கியது.

"என்னம்மா?"

நகம் பதிந்தது.

"பெரியம்மா, கண்ணாடியைத் தாங்கோ. அம்மாவுக்கு என்னவோ..."

"தரமாட்டன். சும்மா இரு."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அம்மா, என் காதுக்கு மட்டும்: "அந்த மனுசிக்கும் ஒரு பக்கம் இல்லை."

"...எந்தப் பக்கம்?"

"இடது. என்னைப் போலை."

"ஆரும் பாக்கினமோ?"

அம்மா சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். "இல்லை. பேப்பர் வாசிக்கிறவர் பேப்பர் வாசிக்கிறார்."

"அவ என்ன செய்யிறா?"

"நீந்திறா." கொஞ்சம் பொறுத்து: "நல்லா நீந்திறா. கையை முழுசாத் தூக்கிறா."

பெ.மா. அந்தப் பக்கம் திரும்பித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது.

திரும்பும் வழியில் அம்மா கார்டிகனின் ஒரு பொத்தானைத் திறந்தார். ஒன்றே ஒன்று. நான் எண்ணினேன்.


வெள்ளி, ஜூலை 26

ஆடி வெள்ளி. பெ.மா.வுக்கு ஆடி வெள்ளி என்றால் விடிய முழுகி, விளக்குக் கொளுத்தி, பிறகுதான் தேத்தண்ணி. (ஆடியில் ஆடை இல்லாத ஊருக்கு வந்தோமே என்று நான் சொல்ல, தலையில் ஒரு குட்டு.)

விடிந்ததும் அப்பாவின் குரல்: "பைப்பிலை தண்ணி வரேல்லை!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இல்லை! சத்தியமா இல்லை!"

"உன்னைவிட வேறை ஆர்?" என்றார் அப்பா. மரியா பக்கத்து ஊருக்குப் போயிருந்தார், இனிப் பத்து மணிக்குத்தான்.

பெ.மா. எழும்பினார். "ஆடி வெள்ளி முழுகாமல் விளக்குக் கொளுத்த ஏலாது. அவ்வளவு பெரிய கடல் இருக்கு. நட ராணி."

"எனக்கு ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"அது... கல்லெடுத்த..."

"இனியும் கல்லு எண்டு சொன்னியெண்டா நானே கல்லெடுத்து எறிவன். நட."

அம்மாவின் முகத்தை எப்படி எழுதுவது. பிடிபட்ட முகம். ஆனால் பாரம் இறங்கிய முகமும் அதே நேரம். எழுத ஏலாது.

மூன்று நட்சத்திரத்துக்கே போனோம். சூரியன் மலைக்குப் பின்னால், கடல் இன்னும் சாம்பல் நிறம். கடற்கரையில் ஒரே ஒரு துவாய், தண்ணீருக்குள் ஒரு வெள்ளைத் தலை. அப்பா பாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 

பெ.மா. கைப்பைக்குள் இருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். கத்தரிப்பூ நிறம். விரித்தார். குறுக்குக்கட்டுத்தான். ஆனால் இடது பக்கத்திலிருந்து அகலமான பட்டி ஒன்று தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகிறது. முதுகில் இலாஸ்டிக். உள்ளே, இடது பக்கம், பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்னப் பை.

"போட்டுப் பார். வழுகாது."

"அக்கா... எப்ப தெரியும்?"

"மாசியிலை. உன்னைப் பாக்க வந்தனான் எல்லோ. கல்லெடுத்தவை வயித்தைப் பிடிப்பினம். நீ இடக்கையைத் தூக்கேலாமல் இருந்தாய்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீ சொல்லேல்லை, நான் கேக்கேல்லை. இந்தக் கிழமை முழுக்கக் கல்லு கல்லு எண்டு கேட்டனான், இப்பவாவது சொல்லுவாய் எண்டு."

"ஆருக்கும்..."

"ஆருக்கடி சொல்லுறது? நான் என்ன ரேடியோவோ?"

அந்த இடத்தில் நாங்கள் மூவரும் (முதுகைக் காட்டி நின்ற அப்பா உட்பட) மரியாதையாக மௌனம் காத்தோம். பிறகு அம்மாதான் முதலில் வெடித்தார். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லெடுத்த ஆள் மாதிரியே. சிரிப்பு அழுகையானது, பெ.மா. முந்தானையால் துடைத்தார், துடைத்துக்கொண்டே ஏசினார்: "தனியக் கிடந்து வெந்திருக்கிறாய், விசரி."

அம்மா பாறைக்குப் பின்னால் உடுத்தப் போனார். "கண்ணாடி" என்று பெ.மா. இன்றைக்குச் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. நானே கழட்டினேன். அம்மாவே கூப்பிட்டுக் காட்டும் நாளில் பார்ப்பேன்.

ஆகவே நான் கண்டது இவ்வளவுதான்: சாம்பல் வெளிச்சத்துக்குள் ஒரு கத்தரிப்பூப் புள்ளி. அது நின்றது. இறங்கியது. நின்றது. பிறகு, தயங்கின மாதிரி இல்லாமல், சடாரென்று உள்ளே போனது.

வெள்ளைப் புள்ளி தூரத்தில் ஒரு கோட்டை மேலே தூக்கியது. கை. கத்தரிப்பூப் புள்ளியும் ஒரு கோட்டைத் தூக்கியது. பாதி வரை. பிறகு முழுக்க.

"எந்தக் கை பெரியம்மா?"

"இடக்கை" என்றார் பெ.மா. மூக்கை உறிஞ்சினார்.

திட்டம் ஒன்று: நிறைவேறியது. ஆனால் என்னால் இல்லை.


சனி, ஜூலை 27. கப்பலில்

குறிப்புகள் மட்டும். கப்பல் ஆடுது.

ஒன்று. அந்தத் துணியின் தையல் மெஷின் தையல். தீவில் மெஷின் இல்லை. ஆகவே விம்பிள்டனில் தைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கிழமை முழுக்க என் கண்ணாடியும் அதுவும் ஒரே பைக்குள்.

இரண்டு. புறப்பட முன் கூரைக்கு ஏறினேன். நேற்று மரியா வந்து திறந்துவிட்ட அதே இரும்புத் திருகு. விளிம்பில் சாம்பல் நிற விரல் அடையாளம் மூன்று. முகர்ந்தேன். திருநீறு!

கீழே வந்து பெ.மா.வைப் பார்த்தேன். பெ.மா. என்னைப் பார்த்தார்.

அப்பா மரியாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், என்னுடைய குற்றத்துக்காக. நான் வாயைத் திறந்தேன்.

"விடுங்கோ தம்பி, சின்னப்பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுது" என்றார் பெ.மா., பெருந்தன்மையாக.

வாழ்நாளில் முதல் தரமாக நான் செய்யாத குழப்படிக்கு ஏச்சு வாங்கினேன். வாங்கிக்கொண்டேன். வாய்ப்பூட்டு எனக்குப் பழகிவிட்டது.

மூன்று. இப்போது, இந்த நிமிடம். பெ.மா. கண்ணாடிக் கூட்டை நீட்டினார்: "இந்தா, இனிப் போடு." திறந்தேன். எட்டுக் கால் என் மடியில் குதித்தது.

கப்பல் முழுக்கத் திரும்பிப் பார்க்குமளவுக்கு அலறினேன்.

"லண்டனிலேயே எடுத்திட்டன்" என்றார் பெ.மா. "சாமான் நல்லம். என்ன கடை?"


ஞாயிறு, ஜூலை 28. குட்மேய்ஸ்

மழை. கால் விரலிடுக்கில் இன்னும் மணல், கழுவவில்லை.

மிஸ்டர் பேர்க்கின்ஸ் ஃபோன். அப்பா எழும்பி நின்றுதான் கதைத்தார். கடற்கரைகள் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும்.

"வெரி குவாயட், சேர்." நிறுத்தம். "ஓம், மூன்றுக்கும் போனோம், சேர்." நீண்ட நிறுத்தம். காது சிவப்பு. பிறகு, கொஞ்சம் நிமிர்ந்து: "என்னுடைய மனைவிக்கு மூன்றாவதுதான் மிகவும் பிடித்தது."

வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையோடு வரைபடத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். எறியவில்லை.


திங்கள், ஜூலை 29

வெயில்! குட்மேய்ஸில்! உடுப்புத் தோய்க்கும் நாள்.

அம்மா பின்வளவில் கொடியில் உடுப்புப் போடுகிறார். நான் சமையலறைச் சன்னலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவின் காலுறைகள், என் சட்டை, பிறகு அது. கத்தரிப்பூத் துணி. நடுக்கொடியில், பட்டியும் பஞ்சுப் பையும் எல்லாருக்கும் தெரிய.

வேலிக்கு அந்தப் பக்கம் கமலா அன்ரி. நாலு வருஷமாகப் பக்கத்து வீடு, நாலு வருஷமாக எங்கள் கொடியில் கண்.

"என்ன ராணி இது, புதுவிதமான சட்டையோ?"

அம்மாவின் வாயில் கிளிப். அம்மா கிளிப்பை எடுத்தார்.

"இல்லை கமலா. எனக்கு ஒரு பக்கம் எடுத்திட்டினம். மாசியிலை. இது கடலிலையும் வழுகாது."

கமலா அன்ரியின் வாய் திறந்தபடி. கொடி ஆடுகிறது. அன்ரி தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்க்கிறார். வேலிக்குக் கிட்ட வருகிறார். சன்னலைத் திறந்து காதை வெளியே விட்டேன், வெட்கமில்லாமல்.

"இதை எங்கை தைப்பிச்சனீர்?" மெதுவாக. "எனக்கில்லை. என்ர மச்சாளுக்கு. மூண்டு வருஷம். நாங்கள் அல்சர் எண்டுதான் சொன்னனாங்கள்."

அம்மா துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு சன்னல் பக்கம் திரும்பாமலே:

"சுமி, ஒட்டுக்கேட்டது காணும். பெரியம்மாவுக்கு ஃபோன் எடு."

"என்னெண்டு சொல்ல?"

"மெஷினுக்கு எண்ணெய் விடச் சொல்லு."